வெளிநாட்டுத் துணையைக் குமரி மாவட்டத்துக்கு அழைத்து வருதல்: எந்தக் காகிதம், எந்த வரிசையில்

இந்த வேலையில் விசா ஆறாவது படி. ஆனால் எல்லோரும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். விசா விண்ணப்பம் கேட்கிறதே என்று கல்யாணச் சான்றிதழைக் கையில் எடுத்தால், அதில் பெயர் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி. திரும்பவும் பதிவு அலுவலகத்துக்கு நடை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் வசிக்கும் இந்தியக் குடிமகனோ குடிமகளோ வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவரை மணந்து, இங்கேயே குடும்பம் நடத்துவதற்கான வழி இது. வரிசையை மாற்றாமல் போவது நல்லது. ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் காகிதம்தான் அடுத்த படிக்கு நுழைவுச்சீட்டு.

1. முதலில் நாள் கணக்கு

நம்மூரில் பலருக்கு வளைகுடாவில் வேலை. முப்பது, நாற்பத்தைந்து நாள் லீவில் வந்து கல்யாணத்தைப் பதிந்துவிட்டுப் போகலாம் என்று திட்டம் போடுகிறார்கள். அது நடக்காது. 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி, கல்யாணம் செய்யப்போகிறோம் என்று பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுப்பதற்கு முந்தைய 30 நாளாவது இருவரில் ஒருவர் இந்த மாவட்டத்தில் வசித்திருக்க வேண்டும். நோட்டீஸ் ஒட்டியபின் ஆட்சேபணைக்காக இன்னும் 30 நாள்.

ஜூன் 1-ஆம் தேதி ஊருக்கு வந்தால் ஜூலை 1-ல் நோட்டீஸ் கொடுக்கலாம். ஆகஸ்ட் 1-க்கு முன் கல்யாணம் இல்லை. ஆக, இரண்டு மாதத்துக்குக் குறைந்த லீவு போதாது. வசிப்பைக் காட்ட ஆதார் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். பாஸ்போர்ட்டில் உள்ள வருகை முத்திரை உண்மையான தேதியைச் சொல்லிவிடும்.

மறுபக்கமும் ஓர் எல்லை உண்டு. நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் செப்டம்பர் முடிந்துவிட்டால் அந்த நோட்டீஸ் செத்தது. புதிதாக ஆரம்பிக்க வேண்டும்.

லீவு கிடைக்காதவருக்கு வேறு வழி 1969-ஆம் ஆண்டு அயல்நாட்டுத் திருமணச் சட்டம். வேலை செய்யும் நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் நடத்துவது. அங்கும் 30 நாள் வசிப்பு, நோட்டீஸ் எல்லாம் உண்டு. ஆனால் நீங்கள் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறீர்கள் என்பதால் லீவு வேண்டாம். எல்லா நாட்டுத் தூதரகமும் இதை நடத்துவதில்லை. முதலில் கேட்டுவிட்டுத் திட்டம் போடுங்கள்.

2. எந்தச் சட்டத்தில் பதிவது

குழப்பம் அதிகம் நடக்கிற இடம் இதுதான்.

இந்துத் திருமணச் சட்டம் இருவரும் இந்துக்களாக இருந்தால் மட்டுமே பொருந்தும். கோயிலில் தாலி கட்டிவிட்டு அந்தச் சட்டத்தில் பதிந்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒருவர் இந்து, மற்றவர் கிறிஸ்தவர் என்ற நிலையில் இந்துத் திருமணச் சட்டப்படி நடந்த திருமணம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அப்படிப்பட்ட சான்றிதழை வைத்து வாங்கும் விசா, பிறகு ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமையோடு இந்தியாவில் நீண்டகாலம் தங்க அரசு தரும் அட்டை) எல்லாமே ஆட்டம் காணும்.

இருவரும் கிறிஸ்தவர்கள், கோயிலிலோ சபையிலோ கல்யாணம் என்றால், 2009-ஆம் ஆண்டு தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் இன்னும் 60 நாள். பங்கில் (தேவாலயத்தில்) கொடுக்கும் சான்றிதழ் மட்டும் விசாவுக்குப் போதாது. அரசுப் பதிவு வேண்டும்.

மதம் வேறு, அல்லது எதிர்காலத்தில் எந்த நாட்டு அலுவலகமும் கேள்வி கேட்கக்கூடாது என்றால் சிறப்புத் திருமணச் சட்டமே நேர்வழி. இதில் இரண்டு வாசல்கள். ஒன்று, நேரடியாக அந்தச் சட்டத்திலேயே கல்யாணம் செய்வது. மற்றொன்று, வேறு முறையில் முடிந்த கல்யாணத்தை 15-ஆம் பிரிவில் பதிவது. இரண்டாவது வாசலில் விதிகள் கெடுபிடியானவை: 30 நாள் வசிப்பு இருவருக்கும் வேண்டும், பதியும் நாளில் இருவருக்கும் 21 வயது நிறைந்திருக்க வேண்டும். முதல் வாசலில் மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18. வசிப்பு ஒருவருக்கு இருந்தால் போதும். வெளிநாட்டிலிருந்து வருபவர் நோட்டீஸுக்கு முன் இங்கே 30 நாள் காத்துக் கிடக்க வேண்டாம் என்பதே பெரிய வித்தியாசம்.

எனவே முதலில் பதிவு அலுவலகக் கல்யாணம், அதன்பிறகு கோயில், சபை, மண்டபம், சாப்பாடு. இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, நோட்டீஸ் படிவத்தில் ‘திருமணமாகாதவர்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. கல்யாண போட்டோவில் ஒரு தேதி, சான்றிதழில் இன்னொரு தேதி என்று பின்னால் மாட்டிக்கொள்வார்கள். பங்கில் மூன்று ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்தாகிவிட்டதே என்பதும் நோட்டீஸுக்குப் பதிலாகாது. இரண்டும் வேறு வேறு.

3. பெயரை ஒன்றாக்குவது

எந்தப் படிவத்தையும் தொடும் முன் இருவருடைய பாஸ்போர்ட்டையும் மேசையில் விரித்து வையுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டல்தான் இனி எல்லாக் காகிதத்திலும்.

நம் பக்கத்துச் சிக்கல் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘எஸ். ஆன்றோ’, பாஸ்போர்ட்டில் இயற்பெயர் ‘ஆன்றோ’, குடும்பப்பெயர் ‘சேவியர்’, ஞானஸ்நானப் பதிவில் புனிதர் பெயர் ஒன்று கூடுதலாக, ஆதாரில் ‘ஆன்றோ எஸ்’. நமக்கு இது நாலும் ஒரே ஆள். விசா அதிகாரிக்கு நாலு ஆள். கல்யாணச் சான்றிதழில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயரை எழுதச் சொல்லுங்கள். மற்ற சான்றுகளில் வேறு மாதிரி இருந்தால், இவை அனைத்தும் ஒருவரையே குறிக்கும் என்று ஸ்டாம்ப் பேப்பரில் ஓர் அஃபிடவிட் எழுதி நோட்டரி செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பெயர்களுக்கு வேறு இலக்கணம். பிலிப்பைன்ஸ் பாஸ்போர்ட்டில் நடுப்பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். பொதுவாக அது தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயர். நம் அலுவலகத்தில் அதைத் தகப்பன் பெயர் என்று நினைத்து அந்தக் கட்டத்தில் தட்டச்சு செய்துவிடுவார்கள். அச்சடிக்கும் முன் திரையில் காட்டச் சொல்லி எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கையெழுத்துப் போட்டு வாங்கியபின் திருத்துவது தனி விண்ணப்பம்.

கல்யாணம் முடிந்ததும் மனைவி கணவர் குடும்பப்பெயருக்குப் பாஸ்போர்ட்டை மாற்ற அவசரப்படக்கூடாது. மேலே சொன்ன உதாரணத்தில் அவர் தன் பெயரோடு சேர்க்கப்போவது மாமனார் பெயரை! அது இருக்கட்டும், விசாவும் பதிவும் முடியும்வரை கல்யாணச் சான்றிதழில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் பெயரும் ஒன்றாக இருப்பதே பாதுகாப்பு.

4. வெளிநாட்டவர் கையில் இருக்க வேண்டியவை

பாஸ்போர்ட், செல்லுபடியாகும் விசா, பிறப்புச் சான்றிதழ், திருமணமாகாதவர் அல்லது மணம் செய்யத் தடையில்லாதவர் என்ற சான்று. முன்பு மணமானவர் என்றால் விவாகரத்துத் தீர்ப்பு அல்லது முன்னாள் துணையின் இறப்புச் சான்றிதழ்.

தடையில்லாச் சான்றை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகத் தருகிறது. பிலிப்பைன்ஸில் புள்ளியியல் ஆணையம் தரும் ‘செனோமார்’ என்ற சான்று உண்டு. அதன் அடிப்படையில் புதுதில்லியில் உள்ள அவர்கள் தூதரகம் மணம் செய்யும் சட்டத் தகுதிச் சான்று தருகிறது. அமெரிக்காவில் நாடு முழுமைக்கும் திருமணப் பதிவேடு கிடையாது. ஆகவே அமெரிக்கர்கள் தூதரக அதிகாரி முன் உறுதிமொழி எடுத்த அஃபிடவிட்டைத்தான் கொண்டுவருவார்கள். ‘அரசு தந்த சான்று வேண்டும்’ என்று பதிவு அலுவலகத்தில் கேட்டால் இந்த விவரத்தை எடுத்துச் சொல்ல வேண்டிவரும்.

பிலிப்பைன்ஸ்காரரை மணப்பவர்கள் ஒன்றைக் கேட்டுத் தெளிய வேண்டும்: முன்பு கல்யாணம் ஆகியிருக்கிறதா? அந்த நாட்டில், முஸ்லிம்களுக்கான தனிச்சட்டம் தவிர, பொதுவான விவாகரத்துச் சட்டம் இல்லை. பத்து வருடமாகப் பிரிந்து வாழ்கிறேன் என்றாலும் சட்டப்படி அவர் மணமானவரே. உயிரோடிருக்கும் துணை உள்ளவர் நம் சட்டத்தில் மணம் செய்ய முடியாது.

வெளிநாட்டில் எடுத்த சான்றுகளுக்கு அப்போஸ்டில் முத்திரை வேண்டும். ஒரு நாட்டு ஆவணத்தை மற்ற நாடுகள் ஏற்பதற்கான, பன்னாட்டு ஒப்பந்தப்படி இடும் சான்றொப்பம் அது. அந்த ஒப்பந்தத்தில் இந்தியா 2005 முதல் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் 2019 முதல், கனடா 2024 முதல். ஒப்பந்தத்தில் இல்லாத நாடு என்றால், அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் சான்றொப்பமிட்ட பிறகு அங்குள்ள இந்தியத் தூதரகமும் ஒப்பமிட வேண்டும். ஆங்கிலத்தில் இல்லாத சான்றுக்கு மொழிபெயர்ப்பும் தேவை. இதையெல்லாம் அவர் விமானம் ஏறும் முன் முடிக்க வேண்டும். இங்கே வந்தபிறகு ஒரு முத்திரைக்காகத் திரும்ப அனுப்பினால், முதல் பிரிவில் போட்ட நாள் கணக்கு கவிழ்ந்துவிடும்.

தடையில்லாச் சான்றைச் சீக்கிரமே எடுத்துவைப்பதும் தவறு. பழையதாகிவிட்டால் புதிதாகக் கேட்பார்கள். நோட்டீஸ் கொடுக்கும் நாளுக்கு மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருந்தால் நல்லது.

5. நோட்டீஸும் கல்யாணமும்

உங்கள் வீடு எந்தச் சார்பதிவாளர் அலுவலக எல்லையில் வருகிறது என்று பாருங்கள். தபால் நிலையம் தக்கலை என்பதால் பதிவு அலுவலகமும் தக்கலை என்று இல்லை. பதிவுத்துறையின் இணையதளத்தில் விவரங்களை ஏற்றி, அச்செடுத்துக்கொண்டு இருவரும் நேரில் போக வேண்டும்.

நோட்டீஸ் அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். ரகசியமாக முடிக்க நினைப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பத்திரம் பதிய வந்த யாரோ ஒரு சொந்தக்காரர் படித்துவிட்டுப் போவார். ஆனால் ஆட்சேபணை சட்டத்தில் சொன்ன காரணங்களுக்கு மட்டுமே செல்லும்: வயது, உயிரோடுள்ள துணை, தடைசெய்யப்பட்ட உறவு, மனநிலை. வீட்டில் சம்மதமில்லை என்பது காரணமே ஆகாது.

கல்யாண நாளன்று அடையாள அட்டையுடன் மூன்று சாட்சிகள் வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் துணையாக ஏற்கிறோம் என்று, இருவருக்கும் புரியும் மொழியில், அதிகாரியும் சாட்சிகளும் கேட்கச் சொல்ல வேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் ஆங்கிலத்தில் சொல்லலாம். புரியாமல் தலையாட்டக்கூடாது.

சான்றிதழை ஆங்கிலத்திலும் கேட்டு வாங்குங்கள். சான்றிட்ட நகல் நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள். மனைவியின் நாட்டிலும் இந்தக் கல்யாணத்தைத் தெரிவிக்க வேண்டியிருக்கும்; உதாரணமாக, பிலிப்பைன்ஸ் குடிமக்கள் தங்கள் தூதரகத்தில் திருமண அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும்.

6. எக்ஸ் விசா

கல்யாணத்துக்கு வெளிநாட்டுத் துணை சுற்றுலா இ-விசாவில் வந்திருப்பார். பொதுவிதிப்படி இ-விசாவை நீட்டவோ மாற்றவோ முடியாது. இந்தியரை மணந்தவருக்கு விசா வகையை மாற்றித் தரும் ஏற்பாடு உண்டு. ஆனால் விசாரணை முடிந்து உத்தரவு வரவேண்டும், விசா நாள் அதற்குள் கரைந்துகொண்டிருக்கும். அதை நம்பித் திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்யாதீர்கள். சொந்த நாட்டுக்குப் போய், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் நுழைவு விசா, அதாவது இந்தியரின் துணைக்கான எக்ஸ்-2, வாங்கி வருவது அலைச்சலாகத் தெரிந்தாலும் தெளிவான வழி.

இணைக்க வேண்டியவை: ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியும் இரண்டு வெற்றுப் பக்கமும் உள்ள பாஸ்போர்ட், கல்யாணச் சான்றிதழ், உங்கள் இந்தியப் பாஸ்போர்ட் நகல், என்னோடு வசிக்க வருகிறார் என்று நீங்கள் கையெழுத்திட்ட கடிதம், வீட்டு முகவரிச் சான்று.

விசா கைக்கு வந்ததும் அதில் அச்சிட்ட வரிகளைப் படியுங்கள். ‘வந்த 14 நாளுக்குள் பதிய வேண்டும்’ என்று இருக்கலாம். ‘ஒவ்வொரு தங்கலும் 180 நாளைத் தாண்டக்கூடாது’ என்றும் இருக்கலாம். ஐந்து வருட விசா என்று சந்தோஷப்பட்டு இந்த வரியைப் பார்க்காமல் விடுகிறவர்கள்தான் ஏழாவது மாதத்தில் அபராதம் கட்டுகிறார்கள்.

பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பும் மனைவிக்கு இன்னொரு தடை உண்டு. வெளிநாட்டவரை மணந்து குடியேறப் போகிறவர்கள், வெளிநாடுவாழ் பிலிப்பினோக்கள் ஆணையத்தின் ஆலோசனை வகுப்பை முடித்துச் சான்று பெற வேண்டும். இது இல்லாமல் மணிலா விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்படலாம். கையில் இந்திய விசா இருந்தும் பயனில்லை.

7. வந்திறங்கிய 14 நாள்

நமக்குப் பக்கம் திருவனந்தபுரம் விமான நிலையம். குடியேற்றக் கவுன்டரை விட்டு நகரும் முன் முத்திரையில் தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா பாருங்கள். அந்தத் தேதியிலிருந்துதான் 14 நாள் கணக்கு. 180 நாளுக்கு மேற்பட்ட நீண்டகால விசாவில் வருபவர் அதற்குள் பதிய வேண்டும்.

முதல் வேலை தங்குமிடத் தகவல். ‘சி பாரம்’ என்று கன்னியாகுமரி லாட்ஜ்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது. வீட்டில் தங்கினாலும் இது பொருந்தும், மனைவியாக இருந்தாலும்.

அடுத்து இ-எஃப்ஆர்ஆர்ஓ தளத்தில், அதாவது வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில், பதிவு. மாநிலம், மாவட்டம் தேர்ந்தெடுக்கும்போது கவனம். களியக்காவிளைப் பக்கம் உள்ளவர்கள் திருவனந்தபுரம் பக்கம்தானே என்று கேரளத்தைத் தேர்ந்தெடுத்தால் விண்ணப்பம் தவறான அலுவலகத்துக்குப் போய், நாலைந்து நாள் வீணாகும்.

தளத்தில் ஏற்ற வேண்டியவை பாஸ்போர்ட் தகவல் பக்கம், விசா, வருகை முத்திரை, புகைப்படம், கல்யாணச் சான்றிதழ், உங்கள் அடையாளச் சான்று, பொறுப்பேற்புக் கடிதம், முகவரிச் சான்று. இதில் உதைப்பது கடைசிதான். நம்மூரில் வீட்டுவரி ரசீதும் மின்கட்டண அட்டையும் பெரும்பாலும் அப்பா பெயரில், சில வீடுகளில் இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும். அப்பா பெயரில் என்றால், மகனும் மருமகளும் என் வீட்டில் வசிக்கிறார்கள் என்று அவர் எழுதிய சம்மதக் கடிதமும் அவர் ஆதார் நகலும் சேர்த்து ஏற்றுங்கள். தாத்தா பெயரில் என்றால் மின் இணைப்பைப் பெயர்மாற்றம் செய்யும் வேலையைக் கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். பழைய கதவு எண், புதிய கதவு எண் குழப்பமும் உண்டு. எல்லாக் காகிதத்திலும் ஒரே எண்ணை எழுதுங்கள்.

உள்ளூர்க் காவல் நிலையத்திலிருந்து விசாரிக்க வரலாம். பயப்பட ஒன்றுமில்லை. வெளிநாட்டுத் துணை வீட்டில் இருக்க வேண்டும், பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பதிவு முடிந்தால் அனுமதிச் சான்று மின்னஞ்சலில் வரும். அச்செடுத்துப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.

8. தங்கியிருக்கும் காலம்

விசா முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பியுங்கள். கடைசி வாரத்தில் போட்டால், அலுவலகம் கேட்கும் ஒரு கூடுதல் காகிதம் விசா நாளைத் தாண்டவைத்துவிடும். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டப்படி, விசா காலம் கடந்து தங்கினால் மூன்று ஆண்டுவரை சிறை, மூன்று லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

நாகர்கோவிலில் தனிக்குடித்தனம் போனாலும், பாஸ்போர்ட் புதுப்பித்தாலும் தளத்தில் தெரிவிக்க வேண்டும். எக்ஸ் விசாவோடு வேலை அனுமதியும் சேர்ந்தே வந்துவிட்டதாக நினைக்கக்கூடாது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டாலும் முதலில் அனுமதி கேளுங்கள். கடந்த 12 மாதத்தில் 182 நாள் இங்கே வசித்திருந்தால் ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம். அது விசா முடியும்வரைதான் செல்லும். பான் அட்டைக்கு வெளிநாட்டவருக்கென்று உள்ள தனிப் படிவம்.

9. இரண்டு வருடம் ஆனபின் ஓசிஐ

கல்யாணம் பதிவாகி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் தொடர்ந்து இரண்டு வருடம் நிலைத்திருந்தால் துணைக்கு ஓசிஐ அட்டை கேட்கலாம். பதிவைத் தள்ளிப்போட்டவர்கள் இங்கேதான் வருந்துவார்கள். அவரோ, அவர் பெற்றோர், தாத்தா பாட்டி, அதற்கு முந்தைய தலைமுறையோ பாகிஸ்தான் அல்லது வங்கதேசக் குடிமக்களாக இருந்திருந்தால் கிடைக்காது.

இந்தியாவில் விண்ணப்பித்தால் கட்டணம் 15,000 ரூபாய். சுற்றுலா விசாவில் இருந்துகொண்டு விண்ணப்பிக்க நினைக்காதீர்கள். பாதுகாப்புச் சரிபார்ப்பு உண்டு. இருவரையும் அழைத்துப் பேசலாம். சேர்ந்து வாழ்வதற்கான சான்றுகளை அன்றைக்குத் தேடாமல் முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள்: கூட்டு வங்கிக் கணக்கு, ஒரே முகவரிக்கு வந்த கடிதங்கள், பயணச் சீட்டுகள்.

அட்டை வந்தால் காவல்துறைப் பதிவும் விசா நீட்டிப்பும் இனி இல்லை. ஓட்டுரிமை கிடையாது, விவசாய நிலமோ தோட்டமோ வாங்க முடியாது. ஆகவே குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தை மனைவி பெயரில் எழுதலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். கல்யாணம் சட்டப்படி முறிந்தால் அட்டையும் போகும். புதுப் பாஸ்போர்ட் எடுக்கும்போதெல்லாம் மூன்று மாதத்துக்குள் அதன் நகலையும் புதுப் படத்தையும், கல்யாணம் தொடர்கிறது என்ற உறுதிமொழியையும் தளத்தில் ஏற்ற வேண்டும்.

இந்தியக் குடியுரிமையே வேண்டுமென்றால் ஏழு வருட வசிப்பு வேண்டும். பழைய குடியுரிமையை விட்டுவிட வேண்டும். பலரும் ஓசிஐயோடு நின்றுவிடுகிறார்கள், அது போதும்.

10. குழந்தை பிறப்பதற்கு முன்

2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இந்தியாவில் பிறக்கும் குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியர் என்பது மட்டும் குடியுரிமை தராது. மற்றவர் அந்தச் சமயத்தில் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக்கூடாது. விசா காலம் கடந்து தங்கியிருப்பவரும் அந்த வரையறைக்குள் வருவார். பிரசவ நேரத்தில் ஆஸ்பத்திரி அலைச்சலில் நீட்டிப்பை மறந்தால், அம்மாவின் அபராதத்தோடு நிற்காது. பிள்ளையின் பாஸ்போர்ட் விண்ணப்பம்வரை வந்து நிற்கும். பிரசவத் தேதிக்கு மருத்துவர் சொன்ன நாளையும் விசா முடியும் நாளையும் ஒரே காலண்டரில் குறித்து வையுங்கள். இரண்டுக்கும் இடையில் நாலு மாதமாவது இல்லையென்றால், நீட்டிப்புக்கு இப்போதே விண்ணப்பம் போடுங்கள்.